இருபது நொடிக்கு ஒரு பக்கம்

நான்கு மணிக்குள் ஒரு பெயரை எழுதித் தர வேண்டும். எந்தப் பெயர் என்பதையும் மேனேஜரே சொல்லிவிட்டார். எழுதுவது மட்டும்தான் என் வேலை. இருபத்திரண்டு வருடமாக இந்த மாத்திரைக் கம்பெனியில் நான் செய்துகொண்டிருப்பதும் அதுதான்.

கம்பெனி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் இருக்கிறது. என் பெயர் ஹேமலதா, ஆவணப் பிரிவுக்குப் பொறுப்பு. பிரிவு என்றதும் ஏதோ பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நானும் ஒரு மின்விசிறியும்தான். எந்த இயந்திரத்தை எப்படித் துடைக்க வேண்டும், எதை எத்தனை நிமிடம் காயவிட வேண்டும், யார் எந்தக் கையுறை போட வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்த கையேடு ஒன்று உண்டு. நூற்று அறுபத்து நான்கு பக்கம். முன்பு அது தடித்த ஃபைலாக என் அலமாரியில் இருந்தது. டீக்கறை இருந்தால் கலவை இயந்திரம், மூலை கிழிந்திருந்தால் கையுறை என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், இனிமேல் காகிதமே கூடாது என்று சொல்லி, ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்து எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கு என் கண்ணுக்கும் கழுத்துக்கும் பிடித்தது சனி.

டேப்பில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தைத் திறந்தால் இருபது நொடி கழித்துத்தான் 'அடுத்து' என்ற பொத்தான் வேலை செய்யும். யாரும் படிக்காமல் தள்ளிவிட்டுப் போகக் கூடாதாம். நூற்று அறுபத்து நான்கு பக்கத்துக்கு ஏறக்குறைய ஐம்பத்தைந்து நிமிடம். முடிவில் பதினைந்து கேள்வி. பன்னிரண்டு சரியாக இருந்தால் 'படித்துப் புரிந்துகொண்டார்' என்று பெயரோடு பச்சை எழுத்தில் ஒரு சான்று வரும். கையேட்டில் ஒரே ஒரு வரி மாறினாலும் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர்கள் எங்கே உட்கார்ந்து, எந்தத் தெம்பில் படிப்பார்கள்? இதை நான் மீட்டிங்கில் கேட்டேன். குறித்துக்கொண்டோம் என்றார்கள். குறித்தும்கொண்டார்கள்.

ராஜாம்பாள் எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை துடைக்கிறவள். பதினொரு வருடமாக ஒரு ஏஜென்சி மூலம் காண்ட்ராக்ட். கம்பெனிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து நாலு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறார். தினமும் பதினொரு மணிக்கு ஓடிப்போய் அவருக்குக் கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, அரை மணியில் திரும்பி வந்துவிடுவாள். கேட்டில் இருப்பவர்களும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். இந்த கேட் பாஸைப் பிடுங்கிவிட்டால் ஏஜென்சி அவளைத் தூரத்தில் காலாப்பட்டுப் பக்கம் எங்கேயாவது தூக்கிப் போடும். அப்புறம் அந்த மனுஷனுக்குக் கஞ்சி ஊட்ட யார் ஓடுவது? மேனேஜர் என்னை எழுதச் சொன்ன பெயர் ராஜாம்பாள்.

எல்லாம் தை மாதத்தில் ஆரம்பித்தது. கையேட்டைத் திருத்திப் புதுப் பதிப்பு ஏற்றியிருந்தேன். மாத்திரை அச்சடிக்கும் பிரிவில் வேலை செய்யும் கலைவாணி சாப்பிட உட்கார்ந்தவள், எச்சில் கையோடு டேப்பைத் தொட முடியாமல், "அக்கா, இந்தப் பொத்தான் நீலமா ஆவும்போது ஒரு தட்டு தட்டிவுடேன்" என்றிருக்கிறாள். ராஜாம்பாள் மேசை துடைத்துக்கொண்டே தட்டியிருக்கிறாள். மறுநாள் இன்னும் இரண்டு பேர். அந்த வாரக் கடைசியில் சாப்பாட்டுக் கூடத்து ஜன்னல் கட்டையில் ஆறு டேப் வரிசையாகச் சாய்ந்து நின்றது. அவள் ஈரத்துணியோடு ஒரு மேசை துடைப்பாள், போகிற போக்கில் ஆறையும் தட்டுவாள், அடுத்த மேசைக்குப் போவாள். பாஸ்வேர்டுக்கும் பஞ்சமில்லை, நான் முதல் நாள் எல்லாருக்கும் போட்டுக் கொடுத்த ஒரே பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. பதிலுக்கு அவரவர் தட்டை அவரவரே கழுவி அடுக்கிவிட்டுப் போனார்கள். அவளுக்கு அது பெரிய உபகாரம்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் பார்க்காதவள் போல வந்துவிட்டேன். பார்த்ததோடு நிறுத்தினேனா என்றால் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

நேற்று ஆடிட். எங்கள் மாத்திரையை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் ஒரு அம்மா வந்திருந்தார். சிடுசிடுப்பு இல்லாத, மெதுவாகப் பேசுகிற அம்மா. அப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மத்தியானம் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து, சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்த முகிலன் எதிரில் உட்கார்ந்துவிட்டார். முகிலன் கலவை இயந்திரம் ஓட்டுகிறவன். "தம்பி, மெஷினை ஸ்பிரிட்டால துடைச்சப்புறம் எத்தனை நிமிஷம் காயவிடணும்?" என்று ஊர்க்கதை பேசுவது போலக் கேட்டார். அவன் தினமும் செய்கிற வேலைதான். துடைத்துவிட்டுச் சாப்பிட வருவான், சாப்பிட்டுவிட்டுப் போய் ஓட்டுவான். நிமிடக் கணக்கு கேட்டதும் திருதிருவென்று விழித்தான். நான் பக்கத்து மேசையில் முள்மேல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் துணியைப் பிழிந்துகொண்டிருந்த ராஜாம்பாள் திரும்பினாள்.

"எந்தப் பக்கத்த கேக்கறீங்க? தொண்ணூத்தொண்ணுல பத்து நிமிஷம்னு இருக்கு. நூத்தி முப்பத்தேழுல அர மணி நேரம்னு இருக்கு."

அந்த அம்மா டேப்பை எடுத்தார். தொண்ணூற்றொன்றைத் திறந்தார். பிறகு நூற்று முப்பத்தேழைத் திறந்தார். இரண்டும் அவள் சொன்னபடியே இருந்தன. பெரிய இயந்திரம் வந்தபோது நான் பின்னால் உள்ளதைத் திருத்திவிட்டு முன்னால் உள்ளதை மறந்திருக்கிறேன். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டு ஏற்றிய கையேடு. ஒன்பதில் ஒன்று என்னுடையது.

"எதும்மா சரி?" என்று என்னைக் கேட்டார்.

"அரை மணி நேரம்தான் மேடம்" என்றேன்.

"இவங்க யாரு? நல்லாப் படிச்சிருக்காங்களே" என்று ராஜாம்பாளைக் காட்டினார். அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அப்புறம் என்ன, நூல் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். யார் எந்தப் பக்கத்தை எப்போது திறந்தார்கள் என்று டேப் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறது. தொழிலாளர்கள் முப்பத்தெட்டுப் பேரும் சாப்பாட்டு நேரத்தில்தான் படித்திருக்கிறார்கள், அதுவும் ஆறு ஆறு பேராக.

இன்று காலை மேனேஜர் வெற்றிச்செல்வன் என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நல்ல மனிதர்தான், ஆனால் போனைக் காதிலிருந்து எடுத்து நான் பார்த்ததில்லை.

"வெளியாள் ஒருத்தவங்க நம்ம சிஸ்டத்துல கை வெச்சிருக்காங்க. அதான் மேடம் காரணம். அந்தப் பொம்பள பேரப் போட்டு, பாஸ் ரத்துன்னு ரிப்போர்ட் எழுதிடுங்க. நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போட்டா அப்பவே ஆடிட்டருக்கும் ஏஜென்சிக்கும் கேட்டுக்கும் போயிடும். அப்புறம் யாரும் மாத்த முடியாது, நிம்மதி."

"கையேட்டுல இருக்கிற தப்பு என்னோடது சார்."

"அது டைப்பிங் மிஸ்டேக் மேடம். அதைப் போய் ஏன் பெருசு பண்றீங்க? ஏஜென்சில சொன்னா நாளைக்கே வேற ஆள் வந்துடும்."

வேற ஆள் வந்துவிடும். ஒரு துடைப்பம் தேய்ந்தால் இன்னொன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சம்பளம் வாங்குகிற வாய்.

ஒன்றரை மணிக்கு ராஜாம்பாளை என் அறைக்கு வரச் சொன்னேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உக்காரு."

"பரவால்ல மேடம், சொல்லுங்க. கேட்ல பேசிக்கிறாங்க. என்னைய அனுப்பப் போறாங்களாமே?"

"யாரு உன்ன வாயத் தொறக்கச் சொன்னது?" என்று சீறினேன். யார்மேலோ உள்ள கோபம் அவள்மேல் பாய்ந்தது.

"தம்பி முழிச்சிட்டு நின்னிச்சி. பாவமா இருந்திச்சி. தெரிஞ்சத சொன்னேன்." பிறகு தயங்கி, "உங்ககிட்டயும் சொன்னனே மேடம்" என்றாள்.

"எங்கிட்டயா? எப்ப?"

"மாசி மாசம். நீங்க டிபன் பாக்ஸ் கழுவ வந்தப்போ. ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி போட்டிருக்குன்னு சொன்னேன். சரி சரின்னுட்டுப் போயிட்டீங்க."

சொல்லியிருப்பாள். எனக்கு நினைவில்லை. மேசை துடைக்கிறவள் கையேட்டைப் பற்றி என்ன சொல்லிவிடப்போகிறாள் என்று இருந்திருப்பேன். அந்த நாற்காலியிலேயே புதைந்துபோகலாம் போல இருந்தது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது? அதச் சொல்லு."

"இருபது நொடி சும்மாதான நிக்கணும் மேடம்? ஏழாவது வரைக்கும் படிச்சேன். எழுத்துக் கூட்டிக்கிட்டே இருந்தேன். மொதல்ல ஒண்ணும் புரியல. பத்துப் பேருக்குத் தட்டுனப்புறம் கொஞ்சம் கொஞ்சமா புரிஞ்சிது. ஒருநா கலைவாணி டேப்புல தொண்ணூத்தொண்ணு நிக்குது, பக்கத்துல முகிலன் தம்பி டேப்புல நூத்தி முப்பத்தேழு நிக்குது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. இதுல பத்து, அதுல அர மணி. அட, என்னாடா இதுன்னு பாத்தேன்."

ஃபைலாக இருந்த காலத்தில் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பேன். டேப்பில் ஒரு பக்கம் வந்தால் இன்னொன்று போய்விடுகிறது. போனதை மனதில் வைத்துக்கொள்ள எங்கள் யாருக்கும் தெம்பு இல்லை. ஜன்னல் கட்டையில் ஆறு பக்கத்தை ஒன்றாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"கேள்விக்கும் நீயேதான் பதில் போட்டியா?"

"ஆமா மேடம். எல்லாரும் முழுசா வாங்கினா சந்தேகம் வருமேன்னு முகிலன் தம்பிக்குப் பன்னெண்டு, கலைவாணிக்குப் பதிமூணுன்னு போட்டேன்." அவள் முகத்தில் லேசாக ஒரு பெருமை வந்தது. "உங்களுக்கு மட்டும் பதினஞ்சு போட்டேன். நீங்க ஆபீசரு."

ஆமாம். பிறகு சொல்கிறேன் என்றேனே, இதுதான் அது. முப்பத்தொன்பதாவது டேப் என்னுடையது. அன்றைக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. எழுதினவளே எதற்கு இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று நானும் ஜன்னல் கட்டையில் சாய்த்துவிட்டு வந்தேன். என் பெயர் அதிகாரி பட்டியலில் இருப்பதால் நேற்று யாரும் தோண்டவில்லை. பதினைந்துக்குப் பதினைந்து வாங்கியது நான் ஒருத்திதான் என்று மீட்டிங்கில் கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்று கும்பிட்டேன். வெட்கம் கெட்டவள்.

"எனக்கு ஒண்ணு செய்வீங்களா மேடம்?" என்றாள்.

வேலையைக் காப்பாற்றச் சொல்லி அழப்போகிறாள் என்று நினைத்து மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"போறதுக்கு முன்னாடி எம் பேருல ஒருவாட்டி எழுத வுடுங்க. அந்தப் பச்சை எழுத்து வருமே, அதுல எல்லார் பேரும் பாத்துட்டேன். எம் பேரு எப்புடி இருக்கும்னு பாக்கணும்."

"இப்ப இதுக்கா நேரம்? பைத்தியமா உனக்கு?" என்றேன். என்றாலும் என் கை டேப்பைத் திறந்துவிட்டது. பணியாளர் எண் கேட்டது. அவளுக்கு ஏது? கேட் பாஸ் எண்ணைப் போட்டேன். ராஜாம்பாள் என்று எழுதினேன். இரண்டு மணிக்கு ஆரம்பித்தாள்.

வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நானும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். நான் எழுதிய கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் படித்தது இன்றுதான். இருபது நொடி எவ்வளவு நீளம்! அவள் விரலை வரி வரியாக ஓட்டினாள். "இதுக்கப்புறம் ஒரு நீலக் கட்டம் வரும் பாருங்க" என்பாள், வரும். "இந்த எடத்துல ஒரு வரி காணும், எந்தத் துணின்னு சொல்லவே இல்ல" என்பாள், சொல்லியிருக்க மாட்டேன். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். முடியும்போது ஏழு தப்பு இருந்தது. என் கழுத்து மரத்துப்போயிருந்தது.

கேள்விகள் வந்தன. தட்டுத் தட்டென்று போனாள். ஒன்பதாவது கேள்வி, துடைத்த பிறகு எத்தனை நிமிடம் காயவிட வேண்டும் என்பது. முதல்முறையாக யோசித்தாள். பிறகு 'முப்பது' என்பதைத் தட்டினாள்.

"அய்யய்யோ, என்ன பண்ற? கேள்விய நான் தொண்ணூத்தொண்ணாம் பக்கத்த வெச்சி எழுதியிருக்கேன். பத்துன்னு போட்டாத்தான் மார்க்!"

"தெரியும் மேடம். முப்பத்தொம்போது பேருக்கும் பத்துன்னுதான் போட்டேன்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அர மணிதான் சரின்னு நேத்து நீங்களே சொன்னீங்க. இது எம் பேரு. எம் பேருல எதுக்குத் தப்பப் போடணும்?"

பதினைந்துக்குப் பதினான்கு வந்தது. ஒன்பதாவது கேள்விக்கு நேரே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. கீழே பச்சையில் 'படித்துப் புரிந்துகொண்டார்: ராஜாம்பாள்'. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாத்திரம் கிடக்கிறது என்று எழுந்து போனாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயதை நெருங்குகிறவள் ஆபீஸில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவது நன்றாகவா இருக்கும்? முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ரிப்போர்ட்டை எழுத ஆரம்பித்தேன். ஒன்பது பக்கம் வந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஹேமலதா, ஆவணப் பிரிவு என்று போட்டேன். கையேட்டில் தப்பு என்னுடையது, ஒரே பாஸ்வேர்டு கொடுத்தது நான், என் டேப்பையும் நான் தட்டவில்லை. ஆறாம் பக்கத்தில் ராஜாம்பாளின் கேட் பாஸ் இங்கேயே தொடர வேண்டும் என்றும், இனி எந்தத் திருத்தம் ஏற்றினாலும் அதற்கு முன் அவள் ஆறு டேப்பை வரிசையாக வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும் என்றும், அந்த நேரத்தில் மேசை துடைக்க வேறு ஆள் வர வேண்டும் என்றும் எழுதினேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டேப்போடு மேனேஜர் அறைக்குள் போனேன். வழக்கம்போல போன் காதில் இருந்தது. வாங்க என்று சைகை காட்டினார். பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். என்னென்ன சொல்வார், நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "எத்தனை பக்கம் மேடம்?" என்றார்.

"ஒம்பது சார்."

"இதுக்கும் அந்த இருபது நொடி உண்டா? அட ராமா. நீங்களே கடைசி வரைக்கும் தள்ளிக் குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

அவருக்கு எதிரில் நின்றுகொண்டு தட்டினேன். ஒன்று. இரண்டு. அவர் போனில் சென்னைக்காரர் யாருடனோ லாரி விஷயம் பேசிக்கொண்டிருந்தார். ஆறாம் பக்கம் வந்தது. அந்த இருபது நொடிக்குள் டேப்பை அவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். "சார், இந்தப் பக்கத்த ஒருவாட்டி பாத்துடுங்க" என்றேன்.

"அந்தப் பொம்பள பேரு இருக்கில்ல?"

"இருக்கு சார். நாலு எடத்துல இருக்கு."

"போதும் மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடி லாரிக்குப் போய்விட்டார். ஒன்பதாம் பக்கம் வந்ததும் டேப்பை நீட்டினேன். பார்க்காமலே விரலால் கையெழுத்தை இழுத்தார். 'படித்துப் புரிந்துகொண்டார்: வெற்றிச்செல்வன்' என்று பச்சையில் வந்தது. ஆடிட்டருக்கும் ஏஜென்சிக்கும் கேட்டுக்கும் போய்விட்டதாகக் கீழே மூன்று வரி வந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஆள் இல்லை. ராஜாம்பாள் கடைசி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பையை ஏற்கெனவே எடுத்துக் கட்டி ஜன்னல் கட்டையில் வைத்திருந்தாள்.

"என்னா மேடம் ஆச்சி?"

"நாளைக்கு வேலைக்கு வா. எப்பவும் போல பதினொரு மணிக்கு வீட்டுக்கும் போயிட்டு வா. எனக்குத்தான் நாளைக்கு என்ன ஆவும்னு தெரியல."

அவள் துணியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சாரு படிச்சாரா?"

"இல்ல."

"அப்ப யாரு தட்டுனது?"

"நான்தான். ஒம்பது பக்கமும்."

அவள் பெஞ்சை இழுத்து, ஈரத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

"உக்காருங்க மேடம்" என்றாள். "நின்னுட்டே தட்டுனா கழுத்து வலிக்கும்."